வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: நெட் இல்லாமலும் பாடம் ஓடும்

எங்கள் ஊர் நூலகத்தில் மாலையில் இருபது பிள்ளைகள் படிக்கிறார்கள். நெட் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ‘கோலிப்ரி’ போட்டு வைத்திருக்கிறோம். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. போன்களில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஹாட்ஸ்பாட்டும் ஆன் ஆகவில்லை. என்ன செய்வது?
– நூலகத் தன்னார்வலர், அரூர்

கோலிப்ரி தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி: லேர்னிங் ஈக்குவாலிட்டி என்ற அமைப்பு இலவசமாகத் தரும் மென்பொருள். நெட் உள்ள இடத்தில் ஒருமுறை பாடங்களை இறக்கிக்கொண்டால், பிறகு அந்த லேப்டாப்பே சர்வர், அதாவது போன்களுக்குப் பாடத்தை அனுப்பும் கணினி. போனில் தனிச் செயலி வேண்டியதில்லை, பிரவுசர் போதும்.

முதலில் ஹாட்ஸ்பாட்டை மறந்துவிடுங்கள். விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட், பகிர்ந்துகொள்ள ஓர் இணைப்பு இருந்தால்தான் ஆன் ஆகும்; ஆனாலும் 8 கருவிகளுக்கு மேல் சேர்க்காது. யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும் வைஃபை ரவுட்டரை வாங்கி வாருங்கள். அதற்கு நெட் இணைப்பு தேவையில்லை. லேப்டாப்பிலிருந்து ஒரு லேன் கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள். தனி நிறத்தில் ஒற்றையாக இருக்கும் வேன் துளையில் செருகினால் எதுவும் நடக்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்து ஃபயர்வால். புது நெட்வொர்க்கை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் போன்களைத் தடுத்துவிடும். செட்டிங்ஸில் அதை ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபயர்வாலில் கோலிப்ரிக்கு அனுமதி கொடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் லேப்டாப்பின் முகவரி தெரியும். 192.168.0.105 என்று வந்தால், போன் பிரவுசரில் 192.168.0.105:8080 என்று அடிக்க வேண்டும். சில பிரவுசர்கள் தாமாகவே முன்னால் ‘எச்டிடிபிஎஸ்’ போட்டுப் பார்த்துத் தோற்கும். கடைசி ‘எஸ்’ இல்லாமல் http://192.168.0.105:8080 என்று முழுதாக அடியுங்கள். மறுநாள் முகவரி மாறிவிடலாம். ரவுட்டர் செட்டிங்கில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ செய்துவிட்டால் அந்தத் தலைவலி தீர்ந்தது. முகவரியை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு போனில் மட்டும் திறக்கவில்லையா? இந்த வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைத்தால் சரியாகிவிடும். லேப்டாப் தூங்கிப்போனால் எல்லாருக்கும் நின்றுவிடும் என்பதால் ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ என்று வையுங்கள். மின்தடைக்கு லேப்டாப்பின் பேட்டரி தாங்கும், ரவுட்டர் தாங்காது. மினி யூபிஎஸ் வாங்கும்முன் ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள்.

தமிழ்ப் பாடம் வேண்டுமென்றால் கோலிப்ரி ஸ்டுடியோ தளத்தில் நீங்களே ஒரு சேனல் தொடங்கி வீடியோ, பிடிஎஃப் ஏற்றலாம். போனில் எடுத்த வீடியோவை அப்படியே ஏற்றாதீர்கள். பல போன்கள் எச்.265 முறையில் பதிகின்றன. சில பிரவுசர்களில் குரல் மட்டும் கேட்கும், படம் வராது. ‘ஹேண்ட்பிரேக்’ மென்பொருளில் எச்.264, 480பி என்று மாற்றி ஏற்றுங்கள். கரும்பலகை எழுத்து அதில் தெரியவில்லை என்றால், 720பி என்று வையுங்கள், அல்லது எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை மகளின் போன் படிக்கவில்லை. புத்தகத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம்.
– வாசகி, செய்யாறு

உறையின் பளபளப்பில் கேமரா தடுமாறுகிறது. புத்தகத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால், குறியீட்டுடனேயே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு அச்சாகியிருக்கும். அதை, பள்ளிப் பாடங்களுக்கான தீக்‌ஷா செயலியின் தேடல் பெட்டியில் அடித்தால் அதே பாடம் வரும். வைஃபை கிடைக்கும் இடத்தில் செயலிக்குள்ளேயே டவுன்லோடு செய்துவிட்டால் வீட்டில் டேட்டா செலவாகாது.

‘ஃபைஃபாக்ஸ்’ என்ற அறிவியல் சோதனைச் செயலியில் ஒலி நிறுத்துக்கடிகாரம் (ஓர் ஒலியில் தொடங்கி அடுத்த ஒலியில் நிற்பது) வைத்து புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடித்தேன். மேசையில் ஸ்கேல் நீட்டி, அதன்மேல் 2 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டை வைத்து, ஸ்கேலைத் தட்டிவிட்டேன். கீழே 2.5 செ.மீ. உயரத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, போனை அதன் பக்கத்தில் வைத்தேன். கணக்கில் உயரம் 75 செ.மீ. என்று போட்டேன். எத்தனை முறை செய்தாலும் 10.5 வருகிறது!
– பிளஸ் ஒன் மாணவர், பொள்ளாச்சி

ஒவ்வொரு முறையும் ஒரே விடை வருகிறது என்றால் உங்கள் கை சுத்தம்; தவறு அளவில்தான் இருக்கிறது. நீங்கள் உயரத்தை 75 என்று போட்டது குண்டின் உச்சியிலிருந்து தரை வரை அளந்த கணக்காக இருக்க வேண்டும். குண்டு உண்மையில் விழுவது, அதன் அடிப்பகுதியிலிருந்து தட்டின் மேற்பரப்பு வரைதான். 2, 2.5 இரண்டையும் கழித்தால் 70.5 செ.மீ. அந்தத் தூரத்துக்கு 0.38 நொடி ஆகும். அதை 75 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு 2h/t² (h உயரம், t நேரம்) போட்டால் 10.4 வந்து நிற்கும்.

மீதி 0.1 எங்கிருந்து வந்தது? போன் தட்டின் அருகில் இருக்கிறது. ஸ்கேலைத் தட்டிய ஒலி அங்கே வந்து சேர ஏறக்குறைய 2 மில்லிநொடி பிடிக்கிறது. குண்டு விழுந்த ஒலியோ உடனே கேட்டுவிடுகிறது. ஆக, கடிகாரம் தாமதமாகத் தொடங்குகிறது. போனை ஒரு ஸ்டூலில், இரண்டு ஒலிக்கும் சம தூரத்தில் வையுங்கள். தமிழ்நாட்டில் விடை 9.78-ஐ ஒட்டி வர வேண்டும்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். செயலியில் ‘மினிமம் டிலே’ 0.3 நொடி இருக்கட்டும். இல்லாவிட்டால் தட்டிய ஒலியின் எதிரொலியே கடிகாரத்தை நிறுத்திவிடும். சும்மா இருக்கும்போதே ஓடத் தொடங்கினால் ‘திரெஷோல்டு’ எண்ணைக் கூட்டுங்கள்.

இன்னொரு போன் கிடைத்தால் ஒலியின் வேகத்தையும் அளக்கலாம். இரண்டு போன்களிலும் அதே கடிகாரத்தைத் திறந்து 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் போன் அருகே ஒருவர் கைதட்டட்டும். சற்று நேரம் கழித்து இரண்டாவது போன் அருகே மற்றவர் தட்டட்டும். இரண்டு போன்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசத்தால் 10 மீட்டரை வகுங்கள். 30 டிகிரி வெயிலில் வித்தியாசம் 0.029 நொடியை ஒட்டி இருக்கும்.

பையன் யூடியூபில் பாடம் பார்க்கிறான், மறுவாரம் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. கேள்வி–விடை அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ‘ஆங்கிடிராய்டு’ செயலி உதவுமா?
– தந்தை, காரைக்குடி

உதவும், ஆனால் வேறு யாரோ தயாரித்த அட்டைக் கட்டை இறக்கிக் கொடுத்தால் உதவாது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி அட்டையை அவனே எழுத வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு விடை. ‘ஒளிச்சேர்க்கையை விளக்குக’ என்பது அட்டை அல்ல, அது பரீட்சைக் கேள்வி. ‘ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?’ – ‘நீரிலிருந்து’ என்பது அட்டை.

செயலி தானாகவே நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று வைத்திருக்கும். அதை அப்படியே விட்டால், சில வாரங்களில் தினமும் நூற்றைம்பதுக்கு மேல் மீள்பார்வை குவிந்து, பையன் செயலியையே அழித்துவிடுவான். 6 போதும். பரீட்சை வாரத்தில் புதிய அட்டையை 0 ஆக்கிவிட்டு, பழையதை மட்டும் பார்க்கட்டும்.