ஓஃப்ரோட் பைக்கில் என்னென்ன டூல்ஸ் கொண்டுபோக வேண்டும், அவற்றை எங்கே கட்டுவது?

கொழும்பில் இருந்து நக்கிள்ஸ் மலைப் பக்கம் முதல் தடவை போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஓட்டுவது பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250.

பட்டியல் தேடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பாயை விரித்து, கொண்டுபோக நினைக்கும் டூல்ஸை மட்டும் அதில் வையுங்கள். அவற்றாலேயே இரண்டு சில்லையும் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, திரும்பப் பூட்டிப் பாருங்கள். நடுவில் எழும்பி உள்ளே போய் வேறொரு ஸ்பானர் எடுக்க வேண்டி வந்தால், உங்கள் பையில் குறைவது அதுதான். கடைசிவரை கையில் எடுக்காத ஸ்பானர் வீட்டிலேயே இருக்கட்டும். ஜப்பான் பைக்குகளில் 8, 10, 12, 14 மில்லிமீட்டர் ஸ்பானர்களோடு பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அச்சு நட்டு பெரிது, அளவு பைக்குக்குப் பைக் மாறும், அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். பிளக் ஸ்பானரையும் குறட்டையும் மறக்க வேண்டாம்.

ஓஃப்ரோட்டில் அடிக்கடி வருவது பஞ்சர்தான். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதையில் என் பின் சில்லு ஒரு கல்லில் பலமாக அடிபட்டது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை. டயர் நெம்பும் லீவர், பம்ப், துளையை மூடும் ஒட்டு எல்லாம் இருந்தன. ஆனால் ஒட்டை ஒட்டும் பசையான சொல்யூஷனை முந்தைய பயணத்தில் திறந்திருந்தேன், உள்ளே காய்ந்து கட்டியாகிப் போயிருந்தது. போனில் சிக்னல் இல்லை, மழை வேறு. இரண்டு மணி நேரம் கழித்து வந்த ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் தன்னிடம் இருந்த சொல்யூஷனைத் தந்தார். நனையாமல் ஒட்டுவதற்கு ஆட்டோவுக்குள் இடமும் தந்தார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் திறக்காத புதுச் சொல்யூஷன்தான் கொண்டுபோகிறேன். பூசியவுடன் ஒட்ட வேண்டாம், ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகும் வரை பொறுங்கள்.

ஒரு முழு டியூபும் வேண்டும். 21 அங்குல முன் டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின் டயருக்குள் மடிப்பு விழாமல் நுழைத்து, மெதுவாக ஓட்டி ஊர் சேரலாம். டயரைத் திரும்பப் போடும்போது, லீவர் பிடிக்கும் இடத்துக்கு நேரெதிரே டயர் ஓரத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். இந்தப் பக்கம் தளர்ந்து கொடுக்கும். இறக்காமல் நெம்பினால் லீவரே புது டியூபைக் கடித்துவிடும்.

சரி, எங்கே கட்டுவது? பாரமான சாமான் தாழ்வாகவும் பைக்கின் நடுவுக்குக் கிட்டவும் இருக்க வேண்டும். முதுகுப் பையில் இரும்பு வேண்டவே வேண்டாம். மல்லாக்க விழுந்தால் ஸ்பானர் நேரே முதுகெலும்பில் இறங்கும், இதில் நான் யாரோடும் சமரசம் செய்ய மாட்டேன். பின் மட்கார்ட்டில் கட்டும் பையும் எனக்குச் சரிவரவில்லை, பாரம் குலுங்கிக் குலுங்கி பிளாஸ்டிக் வெடித்துவிட்டது. இப்போது எஸ்லோன் (பிவிசி பிளாஸ்டிக்) குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை மூடி ஒட்டி, மறுமுனைக்குத் திருகு மூடி போட்டு, சைலன்சருக்கு மறுபக்கம் சட்டத்தோடு சேர்த்து இறுக்கியிருக்கிறேன். சைலன்சர் பக்கம் வைத்தால் குழாய் சூட்டில் இளகும். ஸ்பானர்களைப் பழைய சறத் துணியில் சுற்றினால் சத்தம் வராது. டியூபுக்குப் பவுடர் பூசித் தனித் துணியில் சுற்றுங்கள், இரும்போடு உரசினால் பாவிக்கும் முன்பே ஓட்டை விழும்.

சில்லறைச் சாமான்: அறுந்த செயினை இணைக்க ஒரு கிளிப் லிங்க் (கிளிப்பின் திறந்த முனை செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்), பியூஸ், கேபிள் டை, கிளச் லீவர், பிரேக் லீவர், எஞ்சின் மூடி கல்லில் வெடித்தால் அடைக்க எப்பொக்சி, தலையில் கட்டும் டோர்ச். இன்சுலேஷன் டேப்பைப் பம்பிலேயே சுற்றி வைக்கலாம். புதுக் கிளச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிட்டால் இடமும் மிச்சம், அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றிக் கொழுவினால் போதும். இவற்றை வாங்க, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஆறு கடந்த பயணம் என்றால் வீடு வந்த அன்றே குழாயைத் திறந்து, எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். கொழும்புக் கடற்காற்றில் ஸ்பானர் சீக்கிரம் கறள் பிடித்துவிடும்.