ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் ஆண்பிள்ளைப் பெயர்கள்: கேள்வி பதில்

ஜெர்மனியில் பிள்ளைக்குப் பெயர் வைக்கவிருக்கும் பெற்றோர் பலர், அந்தப் பெயர் ஆங்கிலம் பேசும் உறவினர் நாவிலும் பின்னாளில் பணியிடத்திலும் சிதையாமல் வழங்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஜெர்மன் மொழி ஆசிரியை ஒருவர் இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி (ஹாம்பர்க்): என் மனைவி ஜெர்மானியர், என் அக்காவின் குடும்பம் லண்டனில் இருக்கிறது. இரு பக்கத்தாரும் ஒரே மாதிரி அழைக்கக்கூடிய ஆண்பிள்ளைப் பெயரைத் தேடுகிறோம். எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒலி மாறிவிடுகிறதே, ஏன்?

பதில்: பெயர்ப் பட்டியல்கள் எழுத்தை மட்டுமே காட்டுகின்றன என்பதுதான் இந்தத் தேடலில் முதல் இடர்ப்பாடு. பிள்ளையின் பெயர் நாள்தோறும் காதில் விழுவது. ஆகவே ஒலியிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் யாவும் இடம் பெயர்ந்தன. ஜெர்மனில் அவ்வாறு நிகழவில்லை. அல்லது வேறு வகையில் நிகழ்ந்தது. இதனால் ஜெர்மனில் ஈகாரமாக ஒலிப்பது ஆங்கிலத்தில் ஐகாரம் ஆகிறது: லீனுஸ் லைனஸ் ஆகிறார், எலீயாஸ் எலையஸ் ஆகிறார், டொபீயாஸ் டொபையஸ் ஆகிறார். ஏகாரம் ஈகாரமாகிறது: பேட்டர் பீட்டர், லேயோ லீயோ, ஃபேலிக்ஸ் ஃபீலிக்ஸ். ஆகாரம் ஏகாரமாகிறது: டாவிட் டேவிட், யாக்கொப் ஜேக்கப்.

குறில் உயிர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. குறிப்பாக இகரமும் எகரமும் இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. அதனால்தான் ஃபின், டிம், பென், நில்ஸ் போன்ற சிறு பெயர்கள் எந்த மாற்றமும் இன்றி எல்லை கடக்கின்றன. ஒகரக் குறில் ஆங்கிலத்தில் சற்றே திறந்து ஒலிக்கும். ஆயினும் ஒஸ்கர், டொம், கொன்ராட் ஆகியவற்றை எவரும் வேறு பெயராக உணர்வதில்லை. அகரக் குறில்தான் கொஞ்சம் நழுவும். ஜெர்மானியர் மக்ஸ் என்பார்கள், ஆங்கிலேயர் மேக்ஸ் என்பார்கள். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரிலும் குறில் எது, நெடில் எது என்று குறித்துப் பாருங்கள். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது எளிய வேலை. பாதிப் பெயர்கள் தாமே விலகிவிடும்.

தமிழ் விவிலியம் படித்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்கலாம். யாக்கோபு, தாவீது, சீமோன் என்று அவர்கள் வழங்கும் வடிவங்கள் ஆங்கிலத்தைவிட ஜெர்மன் ஒலிக்கே நெருக்கமானவை.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): எங்களுக்கு லேயோ என்ற பெயர் மிகவும் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் லீயோ ஆகிவிடும் என்பதற்காக அதைக் கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒலி மாறுவது வேறு, பெயர் சிதைவது வேறு. லேயோவும் லீயோவும் இரு நாடுகளிலும் இன்று விரும்பி வைக்கப்படும் பெயர். எழுத்துக்கூட்டுச் சொல்ல வேண்டியதில்லை, எவரும் திரும்பக் கேட்பதும் இல்லை. இருமொழிப் பிள்ளைகள் தம் பெயரின் இரண்டு ஒலிகளையும் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். பாட்டியிடம் ஒன்று, அத்தையிடம் இன்னொன்று என்று தாங்களே மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள் அஞ்ச வேண்டியது, மற்ற மொழிக்காரர் அந்தப் பெயரைக் கண்டதும் தயங்கி நிற்கும் நிலையைத்தான். தேயோ, ஃபேலிக்ஸ், ஹூகோ, டானியேல் ஆகியவற்றுக்கும் இதே விடைதான்.

கேள்வி (கொலோன்): ஜே எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எவை ஏற்றவை?

பதில்: ஜெர்மனில் ஜே எழுத்து யகரமாக ஒலிக்கும் என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் எதிர்பார்ப்பதில்லை. யூலியான் ஜூலியன் ஆவதும், யோனாஸ் ஜோனஸ் ஆவதும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அந்த வடிவங்கள் ஆங்கிலத்திலும் பழகியவை. யான் என்ற பெயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹாம்பர்க்கில் அது கம்பீரமான ஆண் பெயர். அதே மூன்று எழுத்துகளை இங்கிலாந்தில் காண்பவர் ஜேனட் என்பதன் சுருக்கமாக எண்ணி, ஒரு பெண்ணை எதிர்பார்த்து மடல் எழுதுவார். யோவாகிம், யென்ஸ் இரண்டும் ஒவ்வொரு முறையும் விளக்கம் கேட்கும் பெயர்கள். ஸாஷா என்பதும் ஜெர்மனியில் ஆண் பெயர், ஆங்கில நாடுகளில் பெரும்பாலும் பெண் பெயர்.

கேள்வி (மியூனிக்): ஒஸ்கர், லூக்காஸ் ஆகியவற்றைக் கே எழுத்தில் எழுதுவதா, சி எழுத்தில் எழுதுவதா?

பதில்: பிள்ளை வளரப்போகும் நாட்டின் வழக்கப்படி எழுதுங்கள். ஜெர்மனியில் வளர்பவருக்குக் கே. ஆங்கிலம் பேசுபவர் கே எழுத்தைப் பார்த்துத் தவறாக வாசிக்கப்போவதில்லை. எழுதும்போது ஒருமுறை திருத்தம் சொல்ல நேரும், அவ்வளவே. இரண்டையும் கலந்து புது எழுத்துக்கூட்டு உருவாக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் அதை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியவர் உங்கள் மகன்.

கேள்வி (பிராங்பர்ட்): நேராக ஆங்கிலப் பெயரையே வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? என் கணவருக்குக் கெவின், ஜஸ்டின் போன்ற பெயர்கள் பிடித்திருக்கின்றன.

பதில்: இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1991-இல் ஜெர்மனியில் மிக அதிகமாக வைக்கப்பட்ட ஆண்பிள்ளைப் பெயர் கெவின். ஆனால் அந்தப் பெயர் சில ஆண்டுகளிலேயே, கல்வியில் பின்தங்கிய குடும்பத்தின் அடையாளம் என்ற இழிவான முத்திரையைப் பெற்றுவிட்டது. 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், கெவின், ஜஸ்டின் போன்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் பலர் குறும்பையும் குறைந்த தேர்ச்சியையும் எதிர்பார்த்தது தெரியவந்தது. லூக்காஸ், ஸீமோன், யாக்கொப், அலெக்ஸாண்டர் போன்ற பெயர்களுக்கு நல்லெண்ணம் கிடைத்தது. பிள்ளையின் முகத்தைக் காணுமுன் பெயரை வைத்து அளவிடுவது அநீதி. அயர்லாந்திலோ அமெரிக்காவிலோ கெவின் என்பவர் எந்தத் தாழ்வும் இன்றி வாழ்கிறார். ஆனாலும் முதல் வகுப்பில் நுழையும் உங்கள் மகன் இந்த அநீதியைத் தன் தோளில் சுமக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சாயல் வேண்டுமானால், இரு மொழிகளிலும் வேரூன்றிய பெயரைத் தேர்ந்தெடுங்கள். நோவா என்ற விவிலியப் பெயரைப் பாருங்கள்: அமெரிக்காவில் 2013 முதல் 2016 வரையிலும், ஜெர்மன் மொழிக் கழகத்தின் பட்டியலில் 2019-லும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2021, 2022 ஆண்டுகளிலும் அது முதலிடத்தில் இருந்தது. வகுப்பில் இன்னும் இருவர் நோவா இருப்பார்கள் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி (டுசெல்டார்ஃப்): என் மாமனாரின் பெயர் யுர்கன்; யு மீது இரண்டு புள்ளிகள் உண்டு. அவருடைய பெயரைப் பேரனுக்கு வைக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. ஆங்கிலம் பேசும் எவராலும் அதைச் சொல்ல முடியவில்லை.

பதில்: இரண்டாம் பெயராக வையுங்கள், அம்மா. முதியவருக்கு அது மரியாதை, பிள்ளைக்கும் சுமையில்லை. ஜெர்மனியில் பல முன்பெயர்கள் வைத்து அவற்றுள் ஒன்றை அழைக்கும் பெயராகக் கொள்வது பழைய வழக்கம்; முதலில் நிற்கும் பெயரைத்தான் அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 நவம்பர் முதல், முன்பெயர்களின் வரிசையை மட்டும் பதிவகத்தில் ஓர் அறிவிப்பு கொடுத்து மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இடையே சிறுகோடிட்டு இணைத்து எழுதினால் இரண்டும் ஒரே பெயராகிவிடும் என்பதால் அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

புள்ளியிட்ட எழுத்துகளில் ஒலியைத் தவிர வேறொரு நடைமுறைத் தொல்லையும் இருக்கிறது. கடவுச்சீட்டில் கணினி வாசிக்கும் அடிவரிகளில் அந்த யு எழுத்து, யு-வும் ஈ-யும் சேர்ந்த இரண்டு எழுத்துகளாக அச்சாகும், ஓ-வுக்கும் அப்படியே. விமானச்சீட்டில் ஒருவர் புள்ளியை விட்டுவிட்டு ஒற்றை எழுத்தாகப் பதிந்தால் இரண்டும் பொருந்தாமல் போகும். யோர்க், குந்தர், பியோர்ன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கேள்வி (பெர்லின்): ஹைன்ரிக், ஃப்ரீட்ரிக், வில்ஹெல்ம் போன்ற பழம்பெரும் பெயர்கள் ஆங்கிலத்தில் எடுபடுமா? வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: வரலாறே இதற்கு விடை சொல்கிறது. ஹாலே நகரில் 1685-இல் பிறந்த இசைமேதை கியோர்க் ஃப்ரீட்ரிக் ஹெண்டல், 1727-இல் பிரித்தானியக் குடிமகனானவர், அங்கே ஜார்ஜ் ஃப்ரிடெரிக் என்று எழுதினார். குடும்பப் பெயரின் புள்ளிகளும் உதிர்ந்தன. ஹனோவரில் 1738-இல் பிறந்த ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ஹெர்ஷல், 1781-இல் யுரேனசைக் கண்டறிந்தபோது உலகுக்கு வில்லியம் ஹெர்ஷலாக இருந்தார். ஹைடல்பர்க்குக்கு அருகே வால்டார்ஃபில் பிறந்த யோஹான் யாக்கொப் ஆஸ்டர் அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஆனார். அக்காலத்தில் ஒருவர் நாடு மாறும்போது பெயரையும் அந்நாட்டு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். இன்று ஆவணங்கள் அதற்கு எளிதில் இடம் தருவதில்லை. பிறப்புச் சான்றிதழில் எழுதியதுதான் பெரும்பாலும் எங்கும் செல்லும்.

ஆகவே மாற்றாமலே இரு பக்கமும் செல்லும் வடிவத்தைத் தேடுங்கள். ஹைன்ரிக்குப் பதில் ஹென்ரிக் அல்லது ஹென்ரி, ஃப்ரீட்ரிக்குப் பதில் ஃப்ரெடரிக். என் மனத்துக்கு மிக உகந்தது ஆல்பர்ட். விக்டோரியா அரசியை 1840-இல் மணந்த கோபர்க் இளவரசரால் பிரித்தானியாவில் வேர்கொண்ட பெயர் அது. ஜெர்மன் பெயராகப் பிறந்து ஆங்கிலப் பெயராகவே ஆகிவிட்டது. அதை அயல்பெயர் என்று இன்று எவரும் எண்ணுவதில்லை. ஆர்தரையும் கார்லையும் இதே வரிசையில் வைப்பேன். ஆர்தரை ஜெர்மானியர் ஆர்ட்டூர் என்பார்கள் என்பது மட்டும் வேறுபாடு.

கேள்வி (பிரெமன்): டில், கை, டிர்க், ஃப்ரிட்ஸ், ஊவே, மோரிட்ஸ் ஆகிய ஆறும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. தயவுசெய்து கழித்துக் கொடுங்கள்.

பதில்: ஊவேயை நீக்குங்கள், ஆங்கிலத்தில் வாசிக்க வழியில்லை. ஃப்ரிட்ஸையும் நீக்குங்கள், உலகப் போர்க்காலங்களில் பிரித்தானியப் படைவீரர்கள் ஜெர்மானியரைக் குறிக்க வழங்கிய கேலிப்பெயர் அது. டில் ஒலியில் குறையற்றது. ஆங்கிலத்தில் கடையின் பணப்பெட்டியைக் குறிக்கும் சொல் என்பதால் சிறுவர் கிண்டலுக்கு ஆளாகலாம். டிர்க் ஸ்காட்லாந்துக் குத்துவாளின் பெயர். ஆயினும் 1998 முதல் 2019 வரை டல்லாஸ் அணிக்காக விளையாடிய டிர்க் நோவிட்ஸ்கியால் அமெரிக்கர் நாவில் நன்கு பழகியிருக்கிறது. மோரிட்ஸ் தாங்கும். கை இரு பக்கமும் தடையின்றிச் செல்லும்.

கேள்வி (லைப்சிக்): பதிவேட்டில் நீண்ட பெயரும் வீட்டில் சுருக்கமும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. செபாஸ்டியன் ஜெர்மனியில் பாஸ்டி, இங்கிலாந்தில் செப். பெனெடிக்ட் எங்கும் பென். மாக்ஸிமிலியானும் அலெக்ஸாண்டரும் தம் சுருக்கங்களைத் தாமே கொண்டுவருகிறார்கள். எந்தச் சுருக்கத்தில் வாழ்வது என்பதைப் பிள்ளை வளர்ந்தபின் தானே முடிவுசெய்துகொள்வான். இந்த வழியை நான் மிகவும் விரும்புவதற்கு அதுவே காரணம்.

கேள்வி (ஹாம்): தமிழ்ப் பெயரையும் சேர்த்து வைக்க விரும்புகிறோம். பதிவகத்தில் மறுப்பார்களா? எவ்வளவு அவகாசம் உண்டு?

பதில்: பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பெயர் முடிவாகவில்லை என்றால் அதைத் தெரிவிக்க ஒரு மாதம் வரை அவகாசம் உண்டு. பெற்றோருக்குப் பரந்த உரிமை இருக்கிறது. பிள்ளையின் நலனுக்கு ஊறு விளைவிக்கும் பெயரை மட்டுமே அதிகாரி மறுக்கலாம். கிரண் என்ற இந்தியப் பெயரைப் பெண்குழந்தைக்குத் தனியாக வைக்கக் கூடாது என்று மறுக்கப்பட்ட வழக்கில், பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என 2008 டிசம்பரில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஒரு தாய் பன்னிரண்டு பெயர்கள் கேட்ட வழக்கில் ஐந்தோடு நிறுத்தியதை அதே நீதிமன்றம் 2004-இல் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு இரண்டோ மூன்றோ போதும்.

அதிகாரி ஐயுற்றால், வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிக் கழகத்திடம் சான்று பெற்றுக் கொடுக்கலாம். தமிழ்ப் பெயரைப் பதிவுசெய்யும்போது எழுத்துக்கூட்டை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு செல்லுங்கள். வி எழுத்தைத் தமிழ்ப் பெயரில் காணும் ஜெர்மானியர் சிலர் அதை ஃபகரமாக வாசிப்பார்கள், இசட் எழுத்தை ட்ஸ் என்பார்கள். கதிர், நிலன், மாறன் போன்ற பெயர்களில் இந்தச் சிக்கல் எழாது.