லூப் முடியும் வரை உறைந்து நிற்கும் சிக்னல்: ஜாவா ஸ்விங்கில் போக்குவரத்து விளக்கு

கேள்வி: கல்லூரிச் செயல்முறைப் பாடத்துக்காக ஜாவா ஸ்விங்கில் (சாளரம், பொத்தான் போன்றவற்றை அமைக்க உதவும் ஜாவா தொகுப்பு) ஒரு போக்குவரத்து விளக்கு நிரல் எழுதியிருக்கிறேன். மூன்று ரேடியோ பொத்தான்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த நிற விளக்கு சரியாக எரிகிறது. விளக்குகள் தாமாக மாறுவதற்காக ‘தானியங்கி’ என்றொரு பொத்தானை வைத்து, அதன் ஆக்‌ஷன் லிசனருக்குள் (பொத்தானை அழுத்தும்போது ஓடும் பகுதி) ஃபார் லூப்பும், நிரலைக் காத்திருக்க வைக்கும் த்ரெட் ஸ்லீப்பும் எழுதினேன். அதை அழுத்தியதும் சாளரம் உறைந்துவிடுகிறது. லூப் முடிந்த பிறகு கடைசி நிறமான சிவப்பு மட்டுமே தெரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும், திரையை மீண்டும் வரையச் சொல்லும் ரீபெயின்ட்டை அழைத்தும் பயனில்லை. பாதசாரி அழுத்தும் பொத்தானையும் சேர்க்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நிறங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் மாறுகின்றன, திரையில் வரையப்படுவதற்குத்தான் அவற்றுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஸ்விங்கில் பொத்தான் அழுத்தலைக் கவனிப்பதும் திரையை வரைவதும் ஈவென்ட் டிஸ்பேட்ச் த்ரெட் என்ற ஒரே த்ரெட்டின் (கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் ஓட்டம்) வேலை. உங்கள் லிசனர் அந்தத் த்ரெட்டில்தான் ஓடுகிறது. ஸ்லீப் அழைக்கப்படும்போது உறங்குவதும் அதே த்ரெட்தான். ரீபெயின்ட் என்பது உடனே வரையும் கட்டளை அன்று, ‘வாய்ப்புக் கிடைக்கும்போது வரைக’ என்று வரிசையில் இடப்படும் கோரிக்கை மட்டுமே. காத்திருக்கும் கோரிக்கைகளை ஸ்விங் ஒன்றாக இணைத்துவிடும். ஆகவே லூப் முடிந்து த்ரெட் விடுபடும்போது ஒரே ஒரு முறை வரைதல் நடக்கிறது. அந்த நேரத்தில் மாறியில் இருக்கும் நிறம் சிவப்பு என்பதால் சிவப்பே தெரிகிறது.

லூப்பையும் ஸ்லீப்பையும் முழுவதுமாக நீக்கிவிட்டு, ஸ்விங் தொகுப்பில் உள்ள டைமரைப் பயன்படுத்துங்கள். அது காத்திருப்பதைத் தனியாகச் செய்து, நேரம் வந்ததும் உங்கள் லிசனரை ஈவென்ட் டிஸ்பேட்ச் த்ரெட்டிலேயே அழைக்கும். ஜாவா யூட்டில் தொகுப்பிலும் டைமர் என்ற பெயரில் வேறொரு கிளாஸ் இருக்கிறது. அது தன் சொந்தத் த்ரெட்டில் ஓடுவதால் இங்கே ஏற்றதன்று. இரண்டு தொகுப்புகளையும் நட்சத்திரக் குறியிட்டு இம்போர்ட் செய்தால் எந்த டைமர் என்று தெரியாமல் கம்பைலர் பிழை காட்டும் என்பதால், ஸ்விங் டைமரை முழுப் பெயருடன் தனியாக இம்போர்ட் செய்வது நல்லது.

டைமரைப் பயன்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு விளக்குக்கும் வெவ்வேறு நேரம் வேண்டும் என்பதற்காக, திரும்பத் திரும்ப ஓடும் டைமரின் இடைவெளியை லிசனருக்குள் செட்டிலே (setDelay) மூலம் மாற்றினால், அந்த மாற்றம் ஒரு சுற்றுத் தாமதமாகவே பலிக்கும். லிசனர் ஓடுவதற்கு முன்பே அடுத்த சுற்றுக்கான நேரம் பழைய இடைவெளியின்படி குறிக்கப்பட்டுவிடுவதே காரணம். மஞ்சளுக்குரிய நேரம் சிவப்புக்குப் போய்விட்டது என்று பலரும் குழம்புவது இதனால்தான். டைமரை ஒரே முறை ஒலிக்கும்படி செட்ரிபீட்ஸில் ஃபால்ஸ் கொடுத்து அமைத்து, நிலை மாறும் ஒவ்வொரு முறையும் செட்இனிஷியல்டிலே (setInitialDelay) மூலம் புதிய நேரத்தைக் கொடுத்து ரீஸ்டார்ட்டை அழைத்தால் இந்தக் குழப்பம் எழாது.

இதைவிட முக்கியமாக நான் வற்புறுத்த விரும்புவது, நிறத்தையும் நிலையையும் பிரித்து வைப்பதை. இந்தியச் சாலைகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு, மீண்டும் பச்சை என்ற வரிசையையே பெரும்பாலும் காண்கிறோம். அதனால் ‘நிறம்’ என்ற ஒரே மாறி போதும் என்று தோன்றுகிறது. பிரிட்டனில் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து 2 விநாடி எரிகின்றன. அங்கே விளக்குகள் மூன்று, நிலைகள் நான்கு. நிறத்தை மட்டும் வைத்து எழுதிய நிரலில் இந்த நான்காவது நிலைக்கு இடமே இல்லை. எனவே இந்த நான்கு நிலை வரிசைக்கு ஏற்ப ஒரு ஈனம் (enum, பெயரிட்ட மாறிலிகளின் பட்டியல்) எழுதுங்கள். எந்த விளக்குகள் எரிய வேண்டும், எத்தனை மில்லி விநாடி என்ற விவரங்களை ஒவ்வொரு நிலையும் தன்னிடமே வைத்திருக்கட்டும். ‘அடுத்த நிலை எது’ என்பதை, ஒவ்வொரு நிலையையும் உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்க முயன்றால், பின்னால் வரும் மாறிலியை முன்கூட்டியே குறிப்பிடுவதாகக் கம்பைலர் மறுக்கும். அதை ஈனத்துக்குள் ஸ்விட்ச் கொண்ட ஒரு மெத்தடாக எழுதுங்கள்.

வரையும் பகுதி எளிது. ஜேபேனலை நீட்டித்து பெயின்ட்காம்போனென்ட்டை மாற்றி எழுதி, முதல் வரியிலேயே அதன் சூப்பர் மெத்தடை அழைத்து, பிறகு தற்போதைய நிலையைப் படித்து மூன்று வட்டங்களையும் வரையுங்கள். எரியாத விளக்கையும் மங்கிய நிறத்தில் வரைந்தால்தான் சிக்னல் சிக்னலாகத் தெரியும். ஃபில்ஓவலுக்குக் கொடுக்கும் முதல் இரண்டு எண்கள் வட்டத்தின் மையத்தை அல்ல, அதைச் சூழ்ந்த சதுரத்தின் இடது மேல் மூலையைக் குறிக்கின்றன. இந்த மெத்தடுக்குள் நிலையை மாற்றவே கூடாது. சாளரத்தின் அளவை மாற்றினாலும், அதைச் சுருக்கி மீண்டும் திறந்தாலும் ஸ்விங் தானாக இதை அழைக்கக்கூடும். அப்போதெல்லாம் விளக்கு மாறினால் நிரலை நம்ப முடியாது.

இனி பாதசாரி பொத்தான். அதை அழுத்தியதும் நேரே சிவப்புக்குத் தாவுவது எழுத எளிது. ஆனால் அது சாலையில் நடக்கக் கூடாதது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். பிரிட்டனில் மஞ்சளுக்கு ஒதுக்கப்படும் 3 விநாடியில் அது 42 மீட்டர் ஆகிறது. ஓட்டுநர் நிறுத்துவதற்கான அந்த இடைவெளியை உங்கள் நிரலும் மதிக்க வேண்டும். எனவே பொத்தானின் லிசனர் ‘கோரிக்கை இருக்கிறது’ என்ற பூலியன் மாறியை ட்ரூ ஆக்க வேண்டும். பச்சைக்குக் குறைந்தபட்சமாக 7 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் முடிந்து டைமர் ஒலிக்கும்போது கோரிக்கை இருந்தால் மஞ்சளுக்குச் செல்லுங்கள். இல்லையென்றால் டைமரை மீண்டும் தொடங்காமல் பச்சையிலேயே விட்டுவிடுங்கள். பச்சை எரியும்போது பொத்தான் அழுத்தப்பட்டு, டைமரின் இஸ்ரன்னிங் ஃபால்ஸ் என்று சொன்னால், குறைந்தபட்ச நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று பொருள்; அப்போது லிசனரே மஞ்சளுக்கு மாற்றலாம். சிவப்புக்குள் நுழைந்ததும் கோரிக்கையை அழித்துவிட வேண்டும். மறந்தால் ஒருமுறை அழுத்தியதற்குச் சிக்னல் ஓயாமல் சிவப்புக்கு வந்துகொண்டே இருக்கும்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள ரேடியோ பொத்தான்களைக் கைமுறை இயக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான்காவது நிலைக்கும் ஒன்றைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பட்டன்குரூப்பில் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விடும் குழு) போடுங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முதலில் டைமரை நிறுத்திவிட்டு, டைமர் பயன்படுத்தும் அதே நிலை மாற்றும் மெத்தடையே அழைக்க வேண்டும். தானியங்கி இயக்கத்தில் நிலைக்கேற்பப் பொத்தானும் மாற வேண்டுமானால் செட்செலக்டடை அழையுங்கள். அது ஆக்‌ஷன் லிசனரைத் தூண்டாது. தேர்வு எப்படி மாறினாலும் ஓடும் ஐட்டம் லிசனரைத் தூண்டும். ஆகவே ரேடியோ பொத்தான்களுக்கு ஐட்டம் லிசனரை இணைத்திருந்தால், டைமர் நிலையை மாற்றியவுடன் அந்த லிசனர் கைமுறைத் தேர்வு என்று எண்ணி டைமரை நிறுத்திவிடும். ஆக்‌ஷன் லிசனரையே இணைத்து வையுங்கள்.