விரல் மரத்துப்போனால் கடையை எப்படி நடத்துவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 52. ஈரோட்டில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. புண் ஆறிவிட்டது, கஞ்சியிலிருந்து சோற்றுக்கும் வந்துவிட்டேன். வெட்டியெடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் நோய் இருந்ததால் கீமோ போட வேண்டும் என்கிறார்கள். அதில் விரல்கள் மரத்துப்போகலாம், சிலருக்கு முழுதாகச் சரியாகாது என்று நர்ஸ் சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது. கொக்கி வைப்பது, ஹெம்மிங் எல்லாம் விரல்நுனி வேலை. வீட்டில் "கீமோ வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். மனைவி அழுகிறாள். "நீங்க இருந்தாப் போதும், கடை எதுக்குப்பா?" என்கிறான் மகன். உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள ஐயா,

விரலை நம்பிப் பிழைக்கிறவருக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் வெறுமனே "வேண்டாம்" என்றால், வீட்டில் இருப்பவர்கள் காதில் "என்னைச் சாக விடுங்கள்" என்றுதான் விழும். காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை; டாக்டரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். (நம் ஆண்கள் பலர் டாக்டர் முன்னால் "சரிங்க" என்று மட்டும் சொல்லி எழுந்து வந்துவிடுகிறார்கள்.)

மருந்தை முடிவு செய்கிற ஆள் நான் இல்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மாதம்? விரலை மரக்கச் செய்வது ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து. அது உடம்பில் ஏற ஏற நரம்புப் பாதிப்பும் கூடும். முன்பெல்லாம் 6 மாதம் கொடுப்பதுதான் வழக்கம். 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று நெறிக்கட்டிகளுக்கு மேல் நோய் பரவாமல், கட்டியும் குடலின் வெளிப்பரப்பைத் துளைக்காமல் இருந்தவர்களுக்கு, கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரையோடு சேர்த்து 3 மாதம் கொடுத்தாலே ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. தொந்தரவு தரும் அளவுக்கு மரத்துப்போனவர்கள் 6 மாதத்தில் நூற்றுக்குச் சுமார் 45 பேர். 3 மாதத்தில் சுமார் 15 பேர். நீங்கள் அந்த வகையா என்பதை ஆபரேஷனில் வெட்டியெடுத்ததைச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல் சுருக்கென்னும், அது அடங்கிவிடும். அடுத்த ஊசி வரைக்கும் மரப்பு போகவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். அந்த மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்து, மாத்திரையை மட்டும் தொடர்வதும் உண்டு. அந்த மாதங்களில் கட்டிங்கை நீங்கள் வைத்துக்கொண்டு, கைவேலையை வெளியே கொடுங்கள். கீமோவில் வெள்ளையணுக்கள் குறையும், தையல் ஊசி குத்திய சின்னக் காயமும் சீழ் பிடிக்கலாம்.

பொதுவாக ஆபரேஷன் முடிந்து 8 வாரத்துக்குள் கீமோவைத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இந்த வாரமே மகனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் முன்னாலேயே டாக்டரிடம் "நான் டெய்லர், எனக்கு விரல் வேண்டும்" என்று சொல்லுங்கள். தூக்கம் வராததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், அப்போது அது உங்கள் முடிவு. வீட்டிலும் காரணத்தோடு சொல்ல முடியும்.