மரத்தடியில் மோட்டார்ஹோம்: கூரைச் சத்தத்துக்கு

வணக்கம். இங்கிலாந்தில் ஓக் மரத்தடியில் மோட்டார்ஹோமை (உள்ளேயே தங்கித் தூங்கும் வீட்டு வண்டியை) நிறுத்தியதிலிருந்து, மழை விட்ட பிறகும் கூரையில் டொக் டொக்கென்று சத்தம், தூக்கமே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். பாவம், நானும் பட்டிருக்கிறேன். இலைகளில் தங்கிய நீர் திரண்டு பெருந்துளியாக விழுவதுதான் அது. காற்றடித்தால் இன்னும் மோசம். செப்டம்பர், அக்டோபரில் ஓக் கொட்டைகளும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய கூரையில் கல் எறிந்த மாதிரி கேட்கும்.

கிளை நுனியைத் தாண்டி நாலைந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், அதுதான் சரியான மருந்து. முடியாவிட்டால், படுக்கைக்கு மேலுள்ள கூரை ஜன்னலுக்கு உள்பக்கம் நுரைப்பஞ்சுத் துண்டு வெட்டி வையுங்கள். அந்த ஜன்னலின் பிளாஸ்டிக் மூடிதான் அதிகம் அதிரும். ஆனால் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அப்புறம், தலைக்கு மேல் காய்ந்த கிளை இருந்தால் ஒரு ராத்திரிகூட அங்கே வேண்டாம்.