பெயரைச் சட்டப்படி மாற்றுவது என்றால் உண்மையில் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், இதுவரை இந்தப் பெயரில் இருந்தவர்தான் இனி அந்தப் பெயரில் இருக்கிறார் என்று அரசு ஏற்கும்படி ஒரு பதிவை உண்டாக்குவது. இந்தியாவில் அரசிதழில் அறிவிப்பு வரும், இங்கிலாந்தில் 'டீட் போல்' என்கிற உறுதிமொழிப் பத்திரம், அமெரிக்காவில் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு. வழி எதுவானாலும் காரணம் ஒன்றுதான்: நாளைக்கு யாராவது சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர், இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டால் நீங்கள் வாயால் சொல்வது எடுபடாது, பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டும் ஆவணம் வேண்டும். அதனால்தான் அந்தத் தாளில் பழைய பெயர் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு இனிஷியல் விடுபட்டாலே அப்புறம் அலைச்சல்தான்.

போனில் உங்கள் நண்பர் ஒருவரின் எண்ணுக்கு வைத்த பெயரை மாற்றுகிறீர்கள், சரி. எண்ணும் பழைய மெசேஜும் அப்படியே இருக்கும், மற்றவர்கள் போனிலோ பழைய பெயர்தான் வரும். இதுவும் அப்படித்தான், வங்கி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு இடத்திலும் நீங்களேதான் விண்ணப்பித்து மாற்ற வேண்டும்.

பெயரை மாற்றினால் பழைய கடனும் வழக்கும் கழன்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கழலாது, ஆள் அதே ஆள்தானே.