சிச்சென் இட்சாவில் தொல்லியலாளர்கள் தங்கிய குடில்கள்: கேள்வி பதில்

மெக்சிகோவின் யுகடான் மாநிலத்தில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரின் இடிபாடுகளை ஒட்டியே ஹசியெண்டா சிச்சென் என்ற பழைய பண்ணை இருக்கிறது. 1920களில் அங்கே அகழாய்வு செய்ய வந்த கார்னகி என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தாருக்காகக் கட்டிய சிறு வீடுகள் இன்று ஓட்டல் அறைகள். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கதையில் இரண்டு தாம்சன்கள் உண்டு. எட்வர்ட் தாம்சன், பண்ணையை வாங்கிய அமெரிக்கத் தூதரக அதிகாரி. எரிக் தாம்சன், 1926இல் வந்து சேர்ந்த ஆங்கிலேய ஆய்வாளர், பின்னாளில் மாயா எழுத்தியலில் பெரிய பெயர். உறவும் கிடையாது, தொழிலும் ஒன்றல்ல. கேட்கும்போது முதல் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கே: கார்னகி நிறுவனம் அங்கே போனது எப்படி? அந்த வீடுகளில் யாரெல்லாம் இருந்தார்கள்?

அமெரிக்கத் தொல்லியலாளர் சில்வேனஸ் மார்லி 1913லேயே நிறுவனத்திடம் திட்டம் கொடுத்துவிட்டார். மெக்சிகோவில் புரட்சி, பிறகு உலகப் போர். 1923இல்தான் மெக்சிகோ அரசோடு ஒப்பந்தம் ஆனது, 1924இல் வேலை தொடங்கியது. கிடைக்கும் பொருள் எதுவும் நாட்டை விட்டுப் போகக்கூடாது, தோண்டிய கட்டடத்தைச் சீர்செய்து நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மெரிடாவிலிருந்து ரயிலில் ட்சிதாஸ் வரை வந்து, அங்கிருந்து கரடுமுரடான பாதையில் பண்ணைக்கு வர வேண்டும். பாழாகிக் கிடந்த பெரிய வீட்டை மார்லி செப்பனிட்டுத் தலைமையகமாக்கினார். சுற்றிலும் குடில்கள் எழுந்தன. போர்வீரர் கோயிலைத் தோண்டிய எர்ல் மோரிஸ், அவர் மனைவி ஆன் மோரிஸ், ஓவியர் ஜான் ஷார்லோ, காரகோல் என்ற வட்டக் கோபுரத்தில் வேலை செய்த கார்ல் ரூப்பர்ட் என்று ஒரு சிறு ஊரே பருவத்துக்குப் பருவம் அங்கே கூடியது. எனக்கு மிகவும் பிடித்தவர் குஸ்தாவ் ஸ்ட்ரோம்ஸ்விக். நார்வே மாலுமி, கப்பலை விட்டு ஓடிவந்தவர். பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தவர், பிறகு ஹோண்டுராஸின் கோப்பான் நகரச் சீரமைப்புக்கே தலைமை ஏற்றார். பட்டம் இல்லாத ஒருவரின் கைத்திறமையை அடையாளம் கண்டு வளர்த்தது அந்த முகாமின் பெரிய குணம்.

கே: இப்போது அங்கே தங்க முடியுமா?

முடியும். இன்றும் ஓட்டல்தான்.

கே: ஆன் மோரிஸ் கணவருக்குத் துணையாகப் போனவர்தானே?

இல்லை. விருந்தினரைக் கவனிக்கும் வேலையைத்தான் அவரிடம் எதிர்பார்த்தார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. தனியாக ஒரு சிறு கோயிலைத் தோண்டினார், பிறகு ஓவியங்களைப் படியெடுக்கும் பணிக்கு வந்தார்.

அந்தப் பணி எவ்வளவு அவசரமானது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். போர்வீரர் கோயிலுக்குள்ளே இன்னொரு பழைய கோயில் புதைந்திருந்தது. மேலே புதியதைக் கட்டியவர்கள் பழையதை இடித்துத் தள்ளாமல், கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிவிட்டார்கள். அதனால் அதன் தூண்களில் செதுக்கிய உருவங்களின் வண்ணம் அப்படியே இருந்தது. காற்றும் வெளிச்சமும் பட்ட பிறகு அந்த வண்ணம் நிலைக்காது. ஆனும் ஷார்லோவும் தூண் தூணாக, முகம் முகமாக வரைந்தார்கள். மேல் கோயிலின் சுவர் ஓவியங்களோ துண்டு துண்டாகச் சிதறிய கற்களில் இருந்தன. ஒவ்வொரு கல்லையும் தனியே படியெடுத்துக் கோடும் வண்ணமும் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்துச் சேர்த்தார்கள். கடற்கரைக் கிராமம் ஒன்றின் காட்சி நமக்குக் கிடைத்தது அப்படித்தான். அந்தப் பிரதிகள் இல்லையென்றால் இன்று அங்கே பார்ப்பதற்கு வெறும் கல்தான்.

1928இல் அந்த உள் கோயிலில் மூடியிட்ட சுண்ணாம்புக்கல் ஜாடிக்குள் நீலப் பச்சைக்கல் பதித்த வட்டத் தகடு ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான சில்லுகள், மரத் தளம் மட்கிப் போயிருந்தது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து நிபுணரை வரவழைத்து அங்கேயே சரிசெய்தார்கள். தகடு மெக்சிகோவிலேயே இருக்கிறது.

கே: தாம்சன் புனிதக் கிணற்றில் தோண்டியபோது கார்னகிதானே பணம் கொடுத்தது?

இல்லை. நீங்கள் சொல்வது எட்வர்ட் தாம்சன். மாயா மக்கள் காணிக்கைகளை எறிந்த அந்த இயற்கைக் கிணற்றை அவர் வாரியது 1904 முதல், கார்னகி வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பு. பொருட்கள் போனது ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு.

கே: அவர் எடுக்காவிட்டால் எல்லாம் சேற்றிலேயே அழிந்திருக்கும். காப்பாற்றினார் என்றுதானே சொல்ல வேண்டும்?

இதே கேள்வி பல விதமாக வந்திருக்கிறது. ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சேறுதான் காப்பாற்றியது. காற்றுப் புகாத அடிச்சேற்றில் துணியும் மரமும் கோபால் என்ற நறுமணப் பிசினும்கூட நூற்றாண்டுகள் தாங்கின. 1960களில் மெக்சிகோவின் குழுக்கள் இறங்கியபோதும் ஏராளமாகக் கிடைத்தது. ஆக, அவசரம் எதுவும் இல்லை. எட்வர்ட் தாம்சன் பயன்படுத்தியதோ எந்திர வாளி. எது எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியை அது கலக்கிவிட்டது. பொருள் மிஞ்சியது, அதன் காலத்தைச் சொல்லும் அடுக்கு போய்விட்டது. போன அடுக்கை எந்த அருங்காட்சியகத்தாலும் திருப்பித் தர முடியாது.

கே: ஆனால் நீதிமன்றமே அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதே?

சொன்னது. 1926இல் மெக்சிகோ அரசு பண்ணையைக் கைப்பற்றியது. 1944இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக முடித்தது, அதற்குள் அவர் இறந்து ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது. வழக்கில் ஜெயிப்பது ஒன்று, ஒரு நாட்டின் பொருளை அந்த நாட்டார் அறியாமல் வெளியே அனுப்புவது வேறு. தொல்சின்னங்கள் நாட்டுக்கே சொந்தம் என்று 1897லேயே மெக்சிகோவில் சட்டம் வந்துவிட்டது. பீபாடி 1970இலும் அதன் பிறகும் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது, பெரும்பகுதி இன்னும் அங்கேதான்.

இதைக் குடில்களோடு சேர்த்துப் பாருங்கள். மார்லியின் ஆட்கள் வாடகைக்கு இருந்தது இதே எட்வர்ட் தாம்சனின் பண்ணையில். எதையும் வெளியே கொண்டுபோகக்கூடாது என்ற ஏற்பாடு அவருடைய செய்கைக்குப் பிறகு வந்தது. ஒரே வளாகம், இரண்டு விதமான தொல்லியல். தீர்ப்புக்குப் பிறகு வாரிசுகள் பண்ணையை பார்பச்சானோ குடும்பத்துக்கு விற்றார்கள், ஓட்டல் வந்தது. இடிபாடுகள் நின்ற நிலமே தனியார் கையில்தான் இருந்தது. 2010இல்தான் யுகடான் மாநில அரசு அதை வாங்கியது.

கே: தாம்சன் பிறகு எழுத்துகளையும் படித்தாரா?

அது எரிக் தாம்சன். தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கே: பெரிய பிரமிடை கார்னகி குழு சீரமைத்ததா?

இல்லை. எல் காஸ்திய்யோ எனப்படும் அந்தப் பிரமிடும் பந்து விளையாட்டுத் திடலும் மெக்சிகோ அரசின் தொல்லியலாளர்கள் செய்தவை. பிரமிடுக்குள் இருக்கும் சிவப்பு ஜாகுவார் அரியணையைக் கண்டதும் அவர்களே. பயண நூல்களில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

கே: மார்லி உளவாளி என்கிறார்களே?

ஆமாம், முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை உளவுத் துறைக்கு வேலை செய்தார். ஆய்வாளர் என்ற போர்வையில் உளவு பார்ப்பதை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1919இல் பெயர் குறிப்பிடாமல் கண்டித்தார். போவாஸ் பக்கம்தான் நியாயம்.

கே: அந்த வீடுகளில் தங்க அனுமதி உண்டா?

மேலே பதில் இருக்கிறது.

கே: மாயா மக்கள் இந்தக் கதையில் எங்கே?

இதைக் கேட்டவருக்கு நன்றி. பக்கத்துப் பிஸ்தே கிராமத்திலும் சுற்று ஊர்களிலும் இருந்து வந்த மாயா மொழி பேசும் ஆட்கள்தான் கல்லைத் தூக்கினார்கள், செதுக்கினார்கள், சுவரை மீண்டும் எழுப்பினார்கள். ஷார்லோவின் பிற்கால ஓவியங்களில் கல் சுமக்கும் ஆண்களும் சோள ரொட்டி தட்டும் பெண்களும் வருவது அங்கே பார்த்த வாழ்க்கையால்தான். முகாமில் செவிலியர் ஒருவர் மருந்தகம் நடத்தினார், கிராமத்தார் அங்கே வந்தார்கள்.

1930களில் கிழக்குக் காடுகளிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. மெக்சிகோ அரசோடு பல பத்தாண்டுகள் போராடிய மாயா படைத்தலைவர்கள். மார்லியைத் தங்கள் நண்பராக எண்ணி, துப்பாக்கி வாங்கித் தருமாறு கேட்டார்கள், கடிதங்களும் அனுப்பினார்கள். மார்லிக்கு மாயா என்றால் பழங்காலக் கல்வெட்டு. இவர்களுக்கோ தங்கள் நிலம், இன்றைய பாடு. துப்பாக்கி கிடைக்கவில்லை. குடில்களைப் பற்றி எழுதுபவர்கள் மார்லி விருந்தினருக்காகப் பந்துத் திடலில் கிராமபோன் இசை வைத்ததைச் சொல்கிறார்கள், இந்தச் சந்திப்பைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

கே: மாயா நாள்காட்டி பற்றி?

அது தனிக் கடல். இன்னொரு நாள் தனியாகக் கேளுங்கள்.

கே: அடுத்த ஆண்டு போகிறேன். அந்தக் குழுவின் வேலையை எங்கே பார்க்கலாம்?

போர்வீரர் கோயில், காரகோல் இரண்டையும் கீழே நின்றுதான் பார்க்க முடியும், மேலே ஏற விடுவதில்லை. அதனால் போகும் முன்பே மோரிஸ் தம்பதியும் ஷார்லோவும் 1931இல் வெளியிட்ட போர்வீரர் கோயில் அறிக்கையின் படங்களைப் பார்த்துவிடுங்கள். உள் கோயிலின் தூண்கள் எந்த வண்ணத்தில் இருந்தன என்பது அதில் இருக்கிறது.